காற்று நின்ற நேரத்தில் கண்டது

ஏரியில் பாய்மரப் படகில் போனவர்கள் கண்டதை இந்தக் குழுவில் பதிவாக எழுதச் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது காற்றே இல்லாத ஒரு பிற்பகல்தான்.

அடுத்தடுத்து மூன்று ஏரிகள், இடையில் குறுகிய கால்வாய்கள், அவசரமே இல்லாத நான்கு நாள். இரண்டாம் நாள் காலையில் எதிர்க்காற்று. பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. காற்று வரும் திசையிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலக்கிப் பிடித்து, ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். இதோ இருக்கிறது என்று தெரிந்த தீவுக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. தீவின் மறுபக்கம் திரும்பியதும் மரங்கள் காற்றை மறைத்துவிட்டன. பாய் தொய்ந்துபோனது. மோட்டாரைப் போடலாமா என்றார் கூட வந்த நண்பர். நல்லவேளை, நான் சோம்பேறி.

சும்மா மிதந்துகொண்டிருந்தோம். படகிலிருந்து ஓர் ஆள் நீளத் தொலைவில் ஒரு முக்குளிப்பான் (முங்கி மீன் பிடிக்கும் நீர்ப்பறவை) நீரிலிருந்து தலையை நீட்டியது. அலகில் விரல் அளவு மீன். எங்களைப் பார்த்ததும் முங்கிவிடும் என்று நினைத்தோம். அது எங்களை மதிக்கவே இல்லை. நேராக நாணல் ஓரம் மிதந்த தன் ஜோடியிடம் போனது. அந்த ஜோடியின் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து வரிவரியான ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று.

மீனை வாங்கிய குஞ்சு அதை விழுங்கப் பட்ட பாடு! மூன்று முறை நழுவவிட்டது. மூன்று முறையும் தாயோ தகப்பனோ (பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான்) எடுத்துக் கொடுத்தது. பிறகு தன் உடம்பிலிருந்தே ஒரு சின்ன இறகைப் பிடுங்கி, நீரில் தோய்த்து, அதையும் ஊட்டியது. இறகையா தின்னக் கொடுப்பார்கள்? மீன்முள் வயிற்றைக் குத்தாமல் இருக்க அது உதவும் என்று பறவை பார்ப்பவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

*

மேலே எழுதியவருடையதைவிட என் கதை கொஞ்சம் வலி மிகுந்தது. விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகு ஒன்று மீனைத் தூக்கிக்கொண்டு தலைக்கு மேலே பறந்தது. மீனின் தலை முன்பக்கம் பார்த்திருக்க, இரண்டு காலாலும் பிடித்திருந்தது. காற்று பின்னாலிருந்து வீசுகிறது என்பதை மறந்து, சுக்கானை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன். படகு தானே திரும்பியது, பாயின் அடிக்கட்டை சடாரென்று மறுபக்கம் வந்து பின்மண்டையில் ஒரு போடு. புடைப்பு ஒரு வாரம் இருந்தது. வேடிக்கை பார்ப்பதென்றால் சுக்கானை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

*

உங்கள் இருவரையும் போல எனக்குப் படகு ஓட்டத் தெரியாது, போனது பயணியாக மட்டும். ஆனால் காற்றைக் கண்ணால் பார்க்கலாம் என்று கற்றுக்கொண்டேன். பளபளவென்று கிடக்கும் நீரில் கருத்த சுருக்கங்கள் திட்டாக நகர்ந்து வரும். அது படகைத் தொட்ட நொடியில் பாய் விம்மும். நாள் முழுக்க அதை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். கரையோரக் கட்டைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. முதல் பதிவு போட்டவருக்கு ஒரு கேள்வி: கடைசியில் காற்று வந்ததா?

*

முதல் பதிவு என்னுடையதுதான். காற்று வரவில்லை. இருட்டுவதற்குள் கரை சேர வேண்டுமே என்று ஐந்தரைக்கு மோட்டாரைப் போட்டோம். அது ஒருமுறை இருமியதுதான் தாமதம், முக்குளிப்பான்கள் குடும்பத்தோடு நாணலுக்குள் மறைந்துவிட்டன.