டெக்சாஸ்ல கார் இன்சூரன்ஸ் ஏறிடுச்சு, கிரெடிட் ரிப்போர்ட்தான் காரணமாம், தெரிஞ்சவங்க ப்ளீஸ் சொல்லுங்க

வணக்கம், வேளச்சேரில இருந்து எழுதுறேன். எங்க அக்கா டெக்சாஸ்ல இருக்காங்க, மாமாவுக்கு பெரிய ஆபரேஷன் ஆனதுல கார்டு பில்லு சில மாசம் லேட்டாயிடுச்சு, இப்போ ரினியூவல்ல கார் பிரீமியத்த ஏத்திட்டாங்க. ஒரு ஆக்சிடென்ட் இல்ல, ஒரு கிளெய்ம் இல்ல! கூட வந்த லெட்டர்ல கிரெடிட் ரிப்போர்ட்தான் (நம்ம ஊர் சிபில் ரிப்போர்ட் மாதிரி) காரணம்னு போட்டு, அத எந்த கிரெடிட் பீரோகிட்ட, அதாவது அந்த ரிப்போர்ட் தயாரிக்கிற கம்பெனிகிட்ட வாங்கினாங்க, 60 நாளுக்குள்ள ரிப்போர்ட்ட ஃப்ரீயா கேக்கலாம்னும் இருக்கு. இங்க சிபில்னா லோனுக்குத்தான், அங்க ஒழுங்கா வண்டி ஓட்டுறவங்களுக்கும் இப்படி பண்றது எனக்கு நியாயமாவே படல.

கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ்ல கார் இன்சூரன்ஸுக்கு கிரெடிட்ட பாக்கவே கூடாது. டெக்சாஸ்ல பாக்கலாம், ஆனா குடும்பத்துல பெரிய நோய், வேலை போறது, விவாகரத்து மாதிரி நடந்து ஸ்கோர் அடி வாங்குனா எழுதிக் கேட்டு விதிவிலக்கு வாங்க சட்டத்துல வழி இருக்கு.

அங்க இருக்கறவங்க யாராவது இப்படி எழுதிக் குடுத்து வாங்கிருக்கீங்களா? டிஸ்சார்ஜ் சம்மரி போதுமா, இல்ல டாக்டர் லெட்டரும் கேப்பாங்களா? பேசாம வேற கம்பெனிக்கு மாறிடறது பெட்டரா? மாமா இன்னும் வேலைக்குப் போகல, அக்கா ஒத்த சம்பளத்துலதான் சமாளிக்கிறாங்க, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.