போரிமா விண்மீனை ஒட்டி நகராமல் மின்னி அணைந்த ஒளி எது?

குளக்கட்டான்:
வணக்கம். மார்ச் 16 ஆம் திகதி இரவு பத்தரை மணியளவில், இரணைமடுக் குளக்கட்டில் முக்காலியில் கமராவைப் பூட்டி, 50 மில்லிமீற்றர் வில்லையால் பத்துப் பத்து வினாடிப் படங்களாகக் கன்னி இராசியை எடுத்துக்கொண்டிருந்தேன். சித்திரை நட்சத்திரத்துக்கு மேலேயுள்ள போரிமாவை ஒட்டி, அதுவரை எதுவும் தெரியாத இடத்தில் ஓர் ஒளி மெல்லக் கூடி, போரிமாவை விடச் சற்று மங்கலாக நின்று, ஏறக்குறைய மூன்று நிமிடங்களில் தேய்ந்து மறைந்தது. விமானமாயின் நகர்ந்திருக்க வேண்டும். இது திடீரெனப் பிரகாசமடையும் விண்மீனான நோவாவா, செய்மதியா?

மாங்குளத்தான்:
இரிடியம் என்னும் தொலைபேசிச் செய்மதியாக இருக்கலாம். வானத்தில் வெளிச்சம் கண்டாலே பதுங்கு குழியைத் தேடிய காலத்திலும் அவற்றை முற்றத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வவுனியா வானோக்கி:
அண்ணை, நீங்கள் கண்டது இரிடியம்தான், ஆனால் தம்பி கண்டது அதுவல்ல. சுமார் 780 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிய அந்தப் பழைய செய்மதிகளின் தட்டையான, கண்ணாடி போன்ற அன்டெனாக்கள் வெயிலைத் தெறித்தபோது வெள்ளியை விடப் பிரகாசமான ஒளி சில வினாடிகள் வானில் வழுக்கிச் செல்லும். 2017 தொடக்கம் 2019 வரை புதியவை ஏவப்பட்டு, பழையவை பெரும்பாலும் இறக்கப்பட்டுவிட்டன. புதியவற்றில் அந்த அன்டெனா அமைப்பு இல்லை.

தம்பி, ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: படத்தைப் பெருப்பித்தால் போரிமா கோடாகத் தெரிகிறதா, அந்த ஒளி புள்ளியாகத் தெரிகிறதா?

குளக்கட்டான்:
ஆம் ஐயா. போரிமா ஏழெட்டுப் பிக்சல் நீளத்துக்குச் சிறு கீறலாக இழுபட்டிருக்கிறது. அந்த ஒளியோ ஊசிமுனை போல் வட்டமாகவே இருக்கிறது. குளக்கட்டில் அடித்த காற்றில் முக்காலி அசைந்ததோ என்று முதலில் நினைத்தேன்.

வவுனியா வானோக்கி:
முக்காலி அசைந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே இழுபட்டிருக்கும். நோவாவும் விண்மீன்களோடு சேர்ந்து நகர்வதால் அதுவும் கீறலாகவே விழும். பூமியோடு ஒத்துச் சுழன்று, நமக்கு அசையாமல் தெரிவது 35,786 கிலோமீற்றர் உயரத்திலுள்ள புவிநிலைச் செய்மதி மட்டுமே. நம் வீட்டுக் கூரைகளில் டிஷ் மல்லாந்து பார்ப்பதும் அந்த வளையத்தைத்தான். ஆகவே செய்மதி போரிமாவைக் கடக்கவில்லை, போரிமாதான் செய்மதியைக் கடந்தது. மூன்று நிமிடங்களில் விண்மீன் முக்கால் பாகை நகர்ந்துவிடும்.

சாதாரண நாட்களில் இவை வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை. பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாட்களை அண்டிய சில இரவுகளில் மட்டும், பூமியின் நிழலுக்கு இரு பக்கமும் உள்ள செய்மதிகளின் சூரியத் தகடுகள் நம் பக்கம் வெயிலைத் திருப்பிவிடுகின்றன. வன்னியிலிருந்து பார்க்கையில் அந்த வளையம் வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) சுமார் ஒன்றரைப் பாகை தெற்கே விழுகிறது. போரிமாவும் அதே ஒன்றரைப் பாகையில்தான் இருக்கிறது என்பதால், இடம் இவ்வளவு பொருந்தியதில் எனக்கு வியப்பில்லை.

மாங்குளத்தான்:
அப்படியானால் சென்னையில் இருக்கும் என் மருமகனும் அதைப் போரிமாவுக்குப் பக்கத்தில் காண்பானா?

வவுனியா வானோக்கி:
காணமாட்டார். அங்கே வளையம் இரண்டு பாகைக்கும் கூடத் தெற்கே இறங்கிவிடுகிறது. வேறுபாடு முழு நிலவின் அகலத்தை விடக் கூடுதல். ஸ்டெல்லேரியம் என்னும் வான வரைபடச் செயலியில் செய்மதியைத் தேடுவதாயினும் இடத்தைக் கிளிநொச்சி என்றே கொடுங்கள், கொழும்பு என்று விட்டுவிட்டால் அரைப் பாகை அளவில் பிசகும்.

தம்பி, அடுத்த வாய்ப்பு செப்டம்பர் கடைசியில் வருகிறது. கமராவின் நேரத்தைக் கைப்பேசியோடு ஒப்பிட்டு வினாடிக்குச் சரிசெய்து, இடைவெளி விடாமல் தொடர்ந்து எடுங்கள். அப்போது பூமியின் நிழல் மீன இராசியில் விழுவதால் போரிமா போன்ற பிரகாசமான அடையாளம் பக்கத்தில் கிடையாது. குவியத்தை வேறொரு விண்மீனில் முன்கூட்டியே வைத்துவிட்டுக் கமராவைத் திருப்ப வேண்டியிருக்கும்.