சர்க்கரை உள்ள பிள்ளைகளிடம் சிகிச்சை ஈடுபாட்டைக் கேள்வித்தாளில் கேட்டால் ‘சமர்த்துப் பிள்ளை’ பதில்தான் வருகிறது: உங்கள் அனுபவம்?

கேள்வித்தாள் தயாரிப்பவர்:
டைப் 1 சர்க்கரை உள்ள 12–18 வயதுப் பிள்ளைகளிடம் ‘என் சிகிச்சையில் ஈடுபாட்டுடன் இருக்கிறேன்’ என்று தமிழில் கொடுத்து, 1 (இல்லவே இல்லை) முதல் 5 (முழுக்க ஆம்) வரை குறிக்கச் சொன்னால் யோசிக்காமல் 5-ஐ வட்டமிடுவார்கள். அவர்கள் காதில் விழுவது ‘ஊசி ஒழுங்கா போடுறியா?’ என்பதுதான். நடந்ததைக் கேளுங்கள்: ‘கடைசியாக இன்சுலின் டோஸை மாற்றியபோது டாக்டர் முதலில் என்னைக் கேட்டார்’, ‘நான் சொன்னதால் ஏதாவது மாறியது’. கடைசி 3 மாதம் என்று காலத்தையும் குறிப்பிடுங்கள்.

எதிர்மறை வாக்கியம் வேண்டவே வேண்டாம். ‘என்னை யாரும் கேட்பதில்லை’ என்பதற்குப் பிள்ளை ‘இல்லை’யை டிக் செய்தால், ஒப்புக்கொள்கிறதா மறுக்கிறதா? தமிழில் இரண்டு விதமாகவும் வரும்.

கிளினிக் செவிலியர்:
தாள் நல்லா இருந்தாலும் கொடுக்கிற நேரம் கெடுத்துடும். HbA1c (மூணு மாச சராசரி சர்க்கரை) 9.5ன்னு திட்டு வாங்கிட்டு வர்ற பிள்ளை எல்லாத்துக்கும் 1 போடும். டோக்கன் வாங்கி உட்கார்ந்த உடனே கொடுத்துடுங்க. அம்மாவுக்குத் தனித் தாள், தள்ளி ஒரு பெஞ்ச். பக்கத்துல இருந்தா பேனா அம்மா கைக்குப் போயிடும்!

ஆய்வு உதவியாளர்:
சிஸ்டர் சொன்ன தனித் தாளில்தான் விஷயமே இருக்கிறது. ஆண்டர்சன் என்ற ஆய்வாளரின் குழு 1990-ல் வெளியிட்ட குடும்பப் பொறுப்புக் கேள்வித்தாளில் சர்க்கரையைக் கவனிக்கும் 17 வேலைகள். ஒவ்வொன்றும் பெற்றோர் பொறுப்பா, இருவருமா, பிள்ளையா என்று இருதரப்பும் தனித்தனியே குறிக்க வேண்டும். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் முக்கியமானது தப்பிவிடும். ஊசி போடும் இடத்தை மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ‘அம்மா பார்த்துக்கிறாங்க’ என்கிறது, அம்மா ‘அவனே பார்த்துக்கிறான்’ என்கிறார். ஆக, யாரும் பார்ப்பதில்லை. ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி விழுந்து, இன்சுலின் ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. இப்படிப்பட்ட ஜோடிகளைத் தனியாக எண்ணுங்கள்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்:
ஆமாம். இன்னொன்று, HbA1c குறையவில்லை என்பதற்காக ‘இந்தப் பிள்ளைக்கு ஈடுபாடு இல்லை’ என்று கேள்வித்தாள் மதிப்பெண்ணைச் சந்தேகிக்காதீர்கள். பருவ வயது ஹார்மோன்களே இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. டைப் 1 சர்க்கரை பற்றிய DCCT என்ற பெரிய ஆய்வில் தீவிர சிகிச்சை பெற்ற 13–17 வயதினருக்கே சராசரி HbA1c சுமார் 8.1, அதே சிகிச்சை பெற்ற பெரியவர்களுக்கு சுமார் 7.1.

கிளினிக் செவிலியர்:
அந்த 8.1-ஐ அம்மா அப்பாகிட்டயும் சொல்லுங்க சார். தாளை வாங்கி ஃபைல்ல சொருகிடாம, 1 போட்ட கேள்வியை டாக்டர் அன்னிக்கே பிள்ளைகிட்ட கேக்கணும். இல்லேன்னா அடுத்த தடவை எல்லாத்துக்கும் 3-தான் வரும்.