மறு: 'இன்வேசிவ் கிராஸ்' – களைப்புல்லா, வந்தேறிப் புல்லா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

கையேட்டில் வரும் 'இன்வேசிவ் கிராஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> களைப்புல் என்றே போடலாமே ஐயா, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். நாம் தமிழாக்கும் கையேடு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சொனோரன் பாலைநிலத்தைப் பற்றியது. அதில் வில்லனாக வரும் 'பஃபல் கிராஸ்' வேறெதுவும் இல்லை, நம் கொழுக்கட்டைப் புல்தான். காங்கேயம் பக்கம் சுற்றிலும் கிளுவை வேலி வைத்து, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வளர்ப்பது இதையேதான். 'கொழுக்கட்டைப் புல் ஒரு களை' என்று மொட்டையாக எழுதினால் அந்த ஊர்க்காரர் அதோடு கையேட்டை மூடிவிடுவார். படத்துக்குக் கீழே இதை விளக்கி ஓர் அடிக்குறிப்பு கட்டாயம் வேண்டும்.

களை என்பது செடியின் குணம் இல்லை, நம் வேலைக்கு அது இடைஞ்சலா என்பதைப் பொறுத்தது. வயலில் பிடுங்கி எறிகிற அருகைத்தான் பிள்ளையாருக்குச் சாத்துகிறோம். 'இன்வேசிவ்' என்பது வேறு. யாரும் விதைக்காமலே பரவி, முன்பே இருந்தவற்றை ஒதுக்கித் தள்ளி, அந்த நிலத்தின் நடப்பையே மாற்றிவிடுவது.

அரிசோனாவில் நடந்தது அதுதான். தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் இந்தப் புல்லைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாலையில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் கிடக்கும், ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்கு எளிதில் தாவாது. கொழுக்கட்டைப் புல் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு, காய்ந்தும் போகிறது. இப்போது தீப்பிடித்தால் மலைச்சரிவு முழுக்க ஓடுகிறது. நூறு வருஷத்துக்கு மேல் நிற்கக்கூடிய சகுவாரோ கள்ளிக்கு நெருப்பைத் தாங்கும் பழக்கமில்லை, வெந்தால் செத்துவிடும். புல்லோ அடுத்த மழைக்கு அடித்தூரிலிருந்து தழைத்துவிடும். 2005-இல் அந்த மாநிலம் இதைக் கேடு தரும் களைகளின் பட்டியலில் சேர்த்தது.

> அப்படியானால் வந்தேறிப் புல்?

வேண்டாம். மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது. தவிர, அது வந்ததை மட்டும்தான் சொல்கிறது. ஆப்பிரிக்க நேப்பியர் புல்லைக் கம்போடு ஒட்டுச் சேர்த்த கம்பு நேப்பியர் நம் ஊரில் எத்தனை தோட்டத்தில் நிற்கிறது! கரணை நட்ட இடத்தைத் தாண்டி அது போவதில்லை. 'ஆக்கிரமிப்பு' செய்தித்தாள்களில் பழகிப்போன சொல், உண்ணிச்செடிக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டதும் புறம்போக்கும் ஜேசிபியும்தான் நினைவுக்கு வருகின்றன. 'ஊடுபரவும் புல்' என்றால் பள்ளிப் பாடத்துச் சவ்வூடு பரவலோடு முட்டும்.

என் பரிந்துரை: மண்டுபுல். 'காடெல்லாம் களை மண்டிப்போச்சு', 'புதர் மண்டிக் கிடக்கு' என்று எல்லாரும் சொல்கிற வினைதான். வினைத்தொகையாக அழகாக நிற்கிறது. மண்டுசெடி, மண்டுகை என்று நீட்டவும் வசதி. மண்டு என்றால் மக்கு என்று சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அப்புறம், வரைவில் 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' வரும் இடமெல்லாம் 'புல்லை நிறுவுதல்' என்று இருக்கிறது. நிறுவுவதற்குப் புல் என்ன சங்கமா? வேர்பிடிப்பு என்று மாற்றுங்கள். 'நேட்டிவ் கிராஸ்' இயல்புல்லாகவே இருக்கட்டும். நாட்டுப்புல் என்றால் நாட்டுக்கோழி மாதிரி வீட்டில் வளர்ப்பது என்று நினைத்துவிடுவார்கள்.

---

மறு: மறு: 'இன்வேசிவ் கிராஸ்'

ஐயா, மண்டுபுல் எனக்குச் சம்மதம். ஒரு திருத்தம் மட்டும். உள்ளூர்ச் செடியும் மண்டும், தூர்ந்த ஏரியில் சம்பு மண்டவில்லையா? அதனால் ஒவ்வோர் இயலிலும் முதல் தடவை 'அயல் மண்டுபுல்' என்று எழுதிவிட்டு, பிறகு மண்டுபுல் என்று சுருக்கலாம்.

கட்டுப்பாட்டு இயலில் போட்டுப் பார்த்தேன்:

"மண்டுபுல்லைக் கடப்பாரையால் நெம்பி அடித்தூரோடு பெயர்க்கவும். கிளைபோசேட் களைக்கொல்லி தெளிப்பதானால் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழையில் புல் பச்சைகட்டி நிற்கும்போதே தெளிக்கவும். காய்ந்த தாளில் மருந்து வேலை செய்யாது. பக்கத்தில் நிற்கும் இயல்புல்லின்மேல் படக்கூடாது, இந்த மருந்து அதையும் கொல்லும். மண்ணில் கிடக்கும் விதை அடுத்தடுத்த மழைகளில் முளைக்கும். ஆகவே ஒரு தடவை பெயர்த்ததோடு விடாமல், சில ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து பார்க்கவும். தானாக இயல்புல் முளைக்காத இடங்களில் மழைக்கு முன் அதன் விதையைத் தூவி, வேர்பிடிப்பைக் கவனிக்கவும்."

தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. 'மண்ணில் கிடக்கும் விதை' என்று நான் சுற்றிவளைத்த இடத்தில் மூலத்தில் 'சாயில் சீட் பேங்க்' என்று இருக்கிறது. விதை வங்கி என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. கொல்லிமலையில் சாமையும் தினையும் அழியாமல் சேமித்து வைக்கிறார்களே, அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இங்கே தீர்த்துக்கட்ட வேண்டிய சரக்கு. 'உறங்குவிதை' என்றாலும் தப்பு, அதில் ஒரு பகுதி உறங்காமல் அடுத்த மழைக்குக் காத்திருப்பது. கடைக்கணக்கில் சரக்கிருப்பு என்கிறோமே, அந்த வழியில் 'மண் விதையிருப்பு' எப்படி? இருப்பு கூடும், குறையும், தீரும் என்று மூன்றும் சொல்ல வருகிறது.