புதுப்பிப்பு: ஓஇடி பேச்சுத் தேர்வில் திணறும் நர்ஸ் பிள்ளைகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) படிக்கும் நர்ஸ் பிள்ளைகள் ஸ்பீக்கிங்கில் மட்டும் உறைந்துபோகிறார்கள், என்ன செய்ய என்று முன்பு கேட்டிருந்தேன். "மனப்பாடத்தை விட்டுட்டு வார்டுல பேசுற மாதிரி பேச வைங்க சார்" என்று ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

தேர்வில் இரண்டு ரோல்பிளே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். நாங்கள் அதை முதலில் தமிழிலேயே நடத்தினோம். ஒரு பெண் இன்சுலின் வேண்டாமென்று அடம்பிடிக்கும் தேவனாம்பட்டினத்து மீனவர் ஆனாள். (என்ன நடிப்பு! வகுப்பே சிரித்தது.) நர்ஸாக இருந்தவள் உடனே, "ஊசின்னா பயமா இருக்காய்யா? வீட்ல யாருக்காவது போட்டுப் பாத்திருக்கீங்களா?" என்றாள். அதையே ஆங்கிலத்தில் செய்யச் சொன்னால், பயத்தைக் கேட்காமல் நேராக, "யூ மஸ்ட் டேக் இன்சுலின்" என்று அதட்டல். நோயாளியின் கவலையைக் கேட்டறிவதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு. அது இவர்களுக்குத் தமிழில் தானாக வருகிறது. இப்போது தமிழில் பேசிய கையோடு ஆங்கிலத்துக்கு மாறுகிறோம். இலக்கணம் இன்னும் தடுக்குகிறது, ஆனால் யாரும் வாயடைத்து நிற்பதில்லை.

பொதுவான ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதும் இருவருக்கு இது உதவவில்லை. அதில் ரோல்பிளேயே கிடையாது.

அடுத்த தலைவலி ஓஇடி ரைட்டிங். பிரிட்டன் போக அதில் சி பிளஸ் போதும், மற்ற மூன்று பகுதிகளிலும் பி வேண்டும். ஆனாலும் நோயாளியைப் பற்றித் தரும் குறிப்புகளான கேஸ் நோட்ஸில் இருப்பதையெல்லாம் கடிதத்தில் கொட்டிவிடுகிறார்கள். எதை விடுவது என்று பழக்க யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.