தரம் 8 கணினிக்கூடம்: தடை போட்ட பிறகு என்ன படிப்பிக்கலாம்?

ஐசிடி_டீச்சர்
கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலை. 20 விண்டோஸ் கணினிகள், தரம் 8இல் 40 பிள்ளைகள், கணினிக்கு இரண்டு பேர், பாடவேளை 40 நிமிடம். ஜிமெயிலையும் வாட்ஸ்அப் வெப்பையும் திறந்தபடியே விட்டுப் போகிறார்கள். யூடியூபில் வேண்டாததும் வருகிறது. தடை போடுவதோடு நில்லாமல், வீட்டுப் போனிலும் கைகொடுக்கிற மாதிரி எதைச் சொல்லிக்கொடுக்கலாம்?

வலையமைப்பு_தெஹிவளை
முதலில் கூடத்தை ஒழுங்காக்குங்கள் டீச்சர். ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் இணைய இலக்கமாக மாற்றித் தரும் சேவை) இலக்கங்களை 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றுங்கள். கிளவுட்ஃபிளேரின் இலவசச் சேவை. ஆபாசத் தளங்களையும் தீநிரல் (வைரஸ் போன்றவை) பரப்பும் தளங்களையும் தடுக்கும். ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ளதாகவே இருந்தால், பிள்ளைகள் அதைப் பார்த்துத் திருப்பி மாற்றிவிடுவார்கள். அதையும் மாற்றுங்கள். குரோமின் செட்டிங்ஸில் 'செக்யூர் டிஎன்எஸ்'ஸுக்கு வேறு சேவையைத் தெரிவுசெய்தாலும் ரவுட்டர்த் தடை செல்லாது. அதை நிறுத்திவையுங்கள்.

யூடியூபில் வேண்டாததை மறைக்க, ஒவ்வொரு கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் (எந்தத் தளப் பெயர் எந்த இலக்கத்துக்குப் போகவேண்டும் என்று விண்டோஸ் பார்க்கும் கோப்பு) யூடியூபின் முகவரிக்கு முன்னால் 216.239.38.119 என்று எழுத வேண்டும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேமிக்க விடாது. 120 என்று முடியும் இலக்கம் கடும் கட்டுப்பாடு. நல்ல தமிழ்ப் பாடக் காணொளிகளும் அதில் மறைந்துபோகலாம். 119 போதும்.

பிள்ளைகளுக்கு அட்மின் அல்லாத கணக்கு கொடுங்கள். குரோமின் கெஸ்ட் சாளரத்தில் வேலை செய்தால், மூடியதும் கணக்குகள் வெளியேறிவிடும். சாளரத்தைச் சுருக்கிவைத்துவிட்டு எழும்பினால் பலனில்லை. ஆகவே மணியடிக்க 3 நிமிடம் முன்பே மூடவைத்துப் பாருங்கள்.

மாலா_வெள்ளவத்தை
மேலே சொன்னது கூடத்துக்குச் சரி. பிள்ளையின் கையிலுள்ள போனுக்கு அந்தத் தடை எதுவும் போகாது. நான் முக்கியமாகக் கருதுவது இந்தப் பகுதியைத்தான்.

ஒரு பாடவேளையை வாட்ஸ்அப்புக்கே ஒதுக்குங்கள். தெரிந்தவரின் எண்ணிலிருந்தே "ஒரு கோட் வந்திருக்கும், அனுப்பு" என்று கேட்பார்கள். அந்த 6 இலக்கத்தைக் கொடுத்தால் கணக்கு போய்விடும். பிறகு அதே பெயரில் மற்றப் பிள்ளைகளிடமும் கேட்பார்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸிலுள்ள டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் (கோட்டுக்கு மேலதிகமான இரண்டாவது பூட்டு) ஒரு பின் இலக்கமும் மீட்பு மின்னஞ்சலும் போடவேண்டும். மின்னஞ்சல் இல்லாமல் பின்னை மறந்தால் சிக்கல். கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று காட்டும் 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலில் பாடசாலைக் கணினி இன்னும் இருக்கிறதா என்று வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது படம். நீங்களே தயாரித்த ஒரு படத்தைத் திரையில் போட்டு, "இந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்க என்னென்ன உதவும்?" என்று கேளுங்கள். சீருடையின் டை, பெயர் பட்டி, பின்னால் நிற்கும் பஸ்ஸின் இலக்கம் எல்லாவற்றையும் அவர்களே பிடித்துவிடுவார்கள். கேமராவில் லொகேஷன் போட்டிருந்தால் இடமும் படத்துக்குள் பதிவாகும். வாட்ஸ்அப்பில் 'டாக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் அது அழியாமல் மறுபக்கம் போகும். பிள்ளைகளின் உண்மைப் படங்களை இதற்கு எடுக்கவே வேண்டாம்.

ஐசிடி_டீச்சர்
நன்றி இருவருக்கும். "படத்தைப் போடுவேன்" என்று யாரோ மிரட்டுவதாக ஒரு பிள்ளை வந்து சொன்னால்?

மாலா_வெள்ளவத்தை
குற்றம் சொல்லாமல் கேளுங்கள். பல பிள்ளைகள் சொல்லாமல் இருப்பது, போனைப் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தால்தான். சொல்பவரின் போன் பறிபோகாது என்று அதிபரும் பெற்றோரும் முன்கூட்டியே உடன்படவேண்டும்.

பணமும் கொடுக்கக்கூடாது, புதுப் படமும் அனுப்பக்கூடாது. மிரட்டல் செய்திகளையும் அனுப்பியவரின் எண்ணையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்த பிறகே பிளாக் செய்யவேண்டும். முதலில் அழித்தால் சான்று போய்விடும். ஆபாசப் படமாக இருந்தால் நீங்கள் உங்கள் போனுக்கு வாங்கவோ, அதிபருக்கு அனுப்பவோ வேண்டாம். சிறுவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதே தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். போனை அப்படியே பிள்ளையிடம் விட்டு, பெற்றோருடன் சேர்ந்து தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு எடுங்கள். கணக்கு ஹேக் ஆனதோ, போலிக் கணக்கோ என்றால் இணையப் பாதுகாப்புக்கான தேசிய நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட், இலக்கம் 101. இரண்டையும் கூடத்தின் சுவரில் மட்டும் ஒட்டாமல், பிள்ளைகளின் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதவையுங்கள்.