பழைய லேப்டாப்பில் ஓப்பன்பிஎஸ்டி: வைஃபை எழும்பவில்லை

உப்புவெளிப் பெடியன்:
அண்ணைமார், பழைய லேப்டாப்பை முழுதாக அழித்து ஓப்பன்பிஎஸ்டி (யுனிக்ஸ் வகை இலவச இயங்குதளம்) போட்டேன், இன்ஸ்டாலர் கேட்டதற்கெல்லாம் என்டர் தட்டியே முடித்துவிட்டேன், ஆனால் வைஃபை மட்டும் எழும்பவில்லை. வீட்டில் கேபிளும் இல்லை, போன் டேட்டாதான். என்ன செய்யலாம்?

கோணேசர் மலையடி:
பல வைஃபை சிப்புகளின் ஃபர்ம்வேரை (சிப் இயங்கத் தேவையான மென்பொருளை) உரிமச் சிக்கலால் இன்ஸ்டாலரோடு தருவதில்லை தம்பி. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் (போன் டேட்டாவை லேப்டாப்புக்குப் பகிர்வது) போடுங்கள், பெரும்பாலும் யுஆர்என்டிஐஎஸ்0 என்று ஒரு நெட்வொர்க் இடைமுகம் தோன்றும். அது முகவரியைத் தானாக எடுக்க ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையில் ஆட்டோகான்ஃப் கொடுத்து, அப்புறம் ரூட்டாக (நிர்வாகியாக) எஃப்டபிள்யூ_அப்டேட் ஓட்டுங்கள், ஃபர்ம்வேர் இறங்கிவிடும்.

நிலாவெளி:
அது சரி, அப்டேட்டையும் மறக்க வேண்டாம். இயங்குதளத் திருத்தங்களுக்கு சிஸ்பேட்ச் கட்டளை, நிறுவிய மென்பொருள் பொதிகளுக்கு பிகேஜி_ஆட் -யு. 6 மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும், அதற்கு மாற்றும் சிஸ்அப்கிரேட் கட்டளை ஒவ்வொரு பதிப்பாகத்தான் ஏறும், கடைசி இரண்டு பதிப்புகளுக்குத்தான் திருத்தம் கிடைக்கும். சிஸ்அப்கிரேட் கோப்புகளை /ஹோமில்தான் இறக்கும், அங்கே இடம் வையுங்கள். நான் பார்க்காமல் விட்டு ஒரு இரவு முழுக்க மினக்கெட்டேன்.

உப்புவெளிப் பெடியன்:
வந்திட்டுது அண்ணை! சார்ஜ் மட்டும்தான் என்று நினைத்திருந்த வயரில்.